அடைகாக்கும் கோழியின் வரலாறு: காளத்தி முதல் காட்பாடி வரை

திருப்பதியிலோ சித்தூரிலோ வீட்டுப் புறக்கடையில் பத்துக் கோழி வளர்க்க விரும்பும் ஒருவர், எந்த இனத்தைத் தேர்ந்தெடுப்பது என்று விசாரித்தால் ஏறத்தாழ ஒரே பட்டியல்தான் கிடைக்கும். வனராஜா, கிராமப்பிரியா, கிரிராஜா, ராஜஸ்ரீ. பணம் சற்றுத் தாராளமாக இருந்தால் கடக்நாத் என்னும் கருங்கோழி. சேவல் மீது பற்றுடையவராயின் அசீல். இவற்றுள் ஒன்றும் அம்மண்ணின் பெயரைத் தாங்கியதன்று. ஆனால் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கமாகிய கர்னால் தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் பதிவு செய்து வைத்துள்ள நாட்டுக்கோழி இனங்களின் பட்டியலில், இவ்வட்டாரத்துக்கே உரியவையாக இரண்டு பெயர்கள் உள்ளன. ஒன்று காளஸ்தி. மற்றொன்று காகஸ், சித்தூரின் மேற்கெல்லையும் கருநாடகத்தின் கோலார்ப் பகுதியும் சேர்ந்த நிலத்துக்கு உரியது. பதிவேட்டில் இடம்பெற்ற இவ்விரண்டும் அவ்வூர்க் கோழிச்சந்தைப் பேச்சில் ஏன் இல்லை என்னும் கேள்வியிலிருந்து இப்பதிவு தொடங்குகிறது. சற்று நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

முதலில் பெயர். காளஸ்தி என்பது திருக்காளத்தியே. சிலந்தி, பாம்பு, யானை ஆகிய மூன்றும் வழிபட்டுப் பேறு பெற்றதாகத் தலபுராணம் கூறும் ஊர்; அம்மூன்றின் பெயர்களையே தன் பெயராகவும் கொண்ட ஊர். நான்காவதாக ஒரு கோழி அப்பெயருக்குள் நுழைந்தது கர்னால் அறிவியலாளர்களின் கைவண்ணம். டாங்கி, காளஸ்தி, காகஸ் ஆகிய மூன்று கோழிகளின் புறத்தோற்றப் பண்புகளை ஒருங்கே விவரித்த ஆய்வுக் கட்டுரை 2006இல் வெளியாயிற்று. விலங்கினங்களை முறையாகப் பதிவு செய்யும் ஏற்பாட்டை ஆராய்ச்சிக் கழகம் 2008இல் கொண்டுவந்தது. கருமையும் பழுப்பும் கலந்த இறகு, உறுதியான கால், இறைச்சிக்கும் சண்டைக்கும் பயன்படல், முட்டை குறைவு என்பன காளஸ்தியைப் பற்றிய வரையறையின் சாரம். காகஸ் பழுப்பு மேலோங்கியது. நாடோடிச் சமூகங்களோடு தொடர்புபடுத்தப்படுவது. இரண்டுமே அசீலின் உறவினங்கள் என்று பார்த்தமட்டில் சொல்லத்தக்கவை.

இவற்றின் வாழிடத்தை ஆந்திரம் என்று எழுதுவதில் ஒரு சிக்கலும் உண்டு. சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1 அன்று வடஆர்க்காடு, கடப்பை ஆகியவற்றின் பகுதிகளையும் காளத்தி, புங்கனூர், கார்வேட்டிநகரம் முதலிய ஜமீன் நிலங்களையும் சேர்த்து உருவாக்கப்பட்டது. அதுவரை சித்தூரே வடஆர்க்காட்டின் தலைநகர். 1960 ஏப்ரல் 1 அன்று படாஸ்கர் தீர்ப்பின்படி திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. திருப்பதி தனி மாவட்டமாகியது 2022இல்தான். இந்த நிலத்தில் கோழி வளர்த்தவர்கள் தமிழும் தெலுங்கும் கலந்து பேசியவர்கள். தமிழில் நாட்டுக்கோழி, தெலுங்கில் நாட்டுக்கோடி. சொல் கூட எல்லையில் ஒரே ஓர் எழுத்தைத்தான் மாற்றிக்கொள்கிறது. எல்லைக்கோட்டை மூன்று முறை நகர்த்திய ஒரு வட்டாரத்தில், ஒரு கோழியை ஒரு மாநிலத்தின் கணக்கில் எழுதுவது நிருவாக வசதியே அன்றி வரலாறன்று.

இனம் என்ற கருத்தே இங்குப் புதிது என்பதையும் கூறவேண்டும். ஒரு விலங்குக் கூட்டத்துக்கு ஊர்ப்பெயரிட்டு, நிறமும் எடையும் கொண்டையும் இன்னபடி இருத்தல் வேண்டுமென விதித்து, விதிக்கு மாறானதைக் கழித்துவிடும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கோழிக் கண்காட்சிகளில் வேரூன்றியது. 1840களிலும் 50களிலும் ஆசியப் பெருங்கோழிகள் அங்குச் சென்றிறங்கியபோது எழுந்த மோகத்துக்குக் கோழிக்காய்ச்சல் என்றே பெயர். அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் தன் முதல் தரநூலை 1874இல் வெளியிட்டது. நம் ஊர்களிலோ கோழியைப் பிரித்தறிந்த முறை வேறு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் பெருவிடை, சிறுவிடை என்பர். உடல்வாகும் பயனுமே அளவுகோல். ஆந்திரத்துச் சேவற்கட்டு மரபில் காகி, டேக, நெமலி என்று இறகு நிறத்தால் பெயர். காக்கையும் பருந்தும் மயிலும் சேவலுக்கு நிறப்பெயர் ஆயின. ஒரே பெட்டையின் குஞ்சுகளில் ஒன்று காகியாகவும் மற்றொன்று நெமலியாகவும் இருக்கலாம். தரநூல் எழுதிய ஆங்கிலேயருக்கு இது குழப்பமாகப் பட்டிருக்கும்.

தூய இனம் என்ற எண்ணத்துக்கு உயிரியலும் இடந்தருவதில்லை. வளர்ப்புக் கோழி அனைத்தும் செந்நிறக் காட்டுக்கோழியின் வழித்தோன்றல்களே என்று 1868இல் வெளியான தம் நூலில் டார்வின் வாதிட்டார். கல்கத்தாவிலிருந்து எட்வர்ட் பிளித் அனுப்பிய செய்திகள் அவருக்குப் பெரிதும் உதவின. அம்முடிவு பெரும்பாலும் நிலைத்தது. ஒன்றில் மட்டும் தவறியது. உலகெங்கும் பல வளர்ப்புக் கோழிகளின் காலும் தோலும் மஞ்சளாக இருப்பதற்குக் காரணமான மரபணு வடிவம் செந்நிறக் காட்டுக்கோழியிலிருந்து வந்ததன்று, தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்று 2008இல் மரபணு ஆய்வு காட்டியது. பிரெஞ்சு இயற்கையியலாளர் பியேர் சொன்னராவின் பெயரை அறிவியற்பெயரில் தாங்கிய அப்பறவை சேஷாசலக் காட்டிலும் திரிகிறது. புலால் தடைசெய்யப்பட்ட திருமலையின் சரிவுகளில், உலகத்து இறைச்சிக் கோழிகளுக்குத் தோல் நிறம் தந்த பறவையின் சுற்றம் கூவிக்கொண்டிருக்கிறது என்பதை எண்ணி நான் பலமுறை வியந்ததுண்டு.

இனி, கோழியைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்பதற்கு வருவோம். இங்கே நம் சான்றுகள் ஒருதலையானவை. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் கோழிக்கு எடுத்த நடுகல் உண்டு. ஐந்தாம் நூற்றாண்டளவினது எனக் கருதப்படுவது. மேற்சேரிக் கோழி ஒன்றை அக்கல் நினைவுகூர்கிறது. இந்தளூர்க் கல்லோ கீழ்ச்சேரியின் கோழியைப் பொற்கொற்றி என்று பெயர் சொல்லியே போற்றுகிறது. மனிதனுக்கு எடுத்ததைப் போலவே சேவலுக்கும் கல். தெலுங்கிலும் சேவற்போருக்கென்று குக்குட சாத்திரமே உண்டு. எந்நாளில் எந்நிறச் சேவல் வெல்லும் என்பது வரை அதில் அடங்கும். சேவலின் தேர்வு ஆண்களின் கலை. அது கல்லிலும் ஏட்டிலும் ஏறியது.

பெட்டைக் கோழிக்குக் கல் இல்லை. சங்க இலக்கியத்தில் குப்பைக் கோழியார் என்றொரு புலவர் இருக்கிறார். விலக்கி விடுவாரும் ஏவி விடுவாருமின்றிக் குப்பைமேட்டில் தாமே பொருது தாமே ஓயும் கோழிகளை உவமையாக்கிய குறுந்தொகைப் பாடலால் பெற்ற பெயர் அது. கட்டுச் சேவலுக்கும் குப்பைக் கோழிக்கும் உள்ள வேறுபாடு அன்றே தெளிவாக இருந்தது என்பதற்கு அப்பெயர் ஒன்றே போதும். குப்பையைக் கிளறி உண்ணும் அக்கோழிதான் புறக்கடைக் கோழி. அதனை வளர்த்தவர் பெண், தேர்ந்தெடுத்தவரும் பெண். அவருடைய அளவுகோல் எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் அவருடைய நடைமுறையிலிருந்து அதை மீட்டெடுக்க இயலும். அந்த அளவுகோல் அடைகாத்தல்.

ஒரு நாட்டுப்பெட்டையின் ஓராண்டுக் கணக்கைப் பார்ப்போம். ஒரு சுற்றுக்குப் பத்து முதல் பதினைந்து முட்டை இடும். பின் இடுவதை நிறுத்தி அடைக்கு அமரும். 21 நாள் அடை. பொரித்த குஞ்சுகளோடு ஏறத்தாழ இரண்டு மாதம் மேயும். அதன்பின் குஞ்சுகளைக் கொத்தி விரட்டிவிட்டு மறுபடி முட்டைக்கு வரும். இப்படி ஆண்டுக்கு மூன்று அல்லது நான்கு சுற்று. ஆகவே ஆண்டு முட்டை நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் நிற்கும். பண்ணை லெகார்ன் முந்நூறைத் தாண்டுகிறது. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து, நாட்டுக்கோழி ஐந்திலொரு பங்கு திறனுடையது என்று எழுதுவது கால்நடைத் துறை அறிக்கைகளின் வழக்கம். எண்கள் சரி. எண்ணப்படும் பொருள்தான் தவறு. அப்பெண்ணுக்கு முட்டை விளைபொருளன்று, விதை. விளைபொருள் குஞ்சு, இன்னும் சரியாகச் சொன்னால், ஆறேழு மாதம் கழித்துத் திருவிழாவுக்கோ மருந்துச் செலவுக்கோ கையில் தூக்கிச் சென்று விற்கக்கூடிய பறவை. பன்னிரண்டு முட்டை வைத்து ஒன்பதோ பத்தோ பொரித்து, பருந்துக்கும் கீரிக்கும் நோய்க்கும் பாதியைக் கொடுத்தாலும் மீதி நான்கைந்து கோழி ஒரு சுற்றுக்கு நிற்கும். அதற்குச் செலவான தீவனம் சிந்திய தானியமும் கரையானும் புழுவும் சோற்றுப் பருக்கையுமே. குஞ்சு பொரிக்கும் இயந்திரம், சூடேற்றும் விளக்கு, காவலாள், மேய்ச்சல் கற்பிக்கும் ஆசான் ஆகிய நான்கு வேலையையும் ஒரு பெட்டை கூலியின்றிச் செய்தது.

அடைகாத்தலைக் கட்டுக்கடங்காத இயற்கைக் குணமென்று எண்ணிவிடக் கூடாது. அது ஆளப்பட்ட குணம். அடை வைக்கும் கூடையில் மணலோ உமியோ பரப்பி, இடிக்கு முட்டை கெடாமலிருக்க இரும்புத் துண்டும் கரியும் மிளகாய் வற்றலும் போட்டு வைப்பர். அடை வேண்டாத காலத்தில் பெட்டையைத் தண்ணீரில் முக்கி எடுப்பர், அல்லது அதன் மூக்கில் ஓர் இறகைச் செருகி விடுவர். சில நாளில் அடை தெளிந்துவிடும். (புரோலாக்டின் என்னும் சுரப்பு மிகும்போது அடையும், குறையும்போது முட்டையும் வருகின்றன என்பது பின்னாளைய விளக்கம். வயிற்றுப்புறம் குளிர்ந்தால் அடை தெளியும் என்பதை அறியச் சுரப்பின் பெயர் தேவைப்படவில்லை.) கூட்டை விட்டு எழுந்துவிடும் பெட்டை, முட்டையைக் குடிக்கும் பெட்டை, பருந்தைக் கண்டு குஞ்சை விட்டோடும் பெட்டை ஆகியவை முதலில் விற்பனைக்குப் போகும். நன்றாக அமர்ந்து, நன்றாகக் காத்து, பஞ்சாரத்தடியில் குஞ்சுகளை முழுவதும் திரட்டிக்கொண்டு வரும் பெட்டை வீட்டில் தங்கும். தலைமுறை தலைமுறையாக நடந்த இத்தேர்வைத் தேர்வு என்று எந்த நூலும் அழைக்கவில்லை.

காலனிய ஆவணங்களில் இக்கோழி எப்படித் தோன்றுகிறது? பெரும்பாலும் தட்டில். பயணியர் விடுதிக்கு அதிகாரி வந்திறங்கியதும் முற்றத்தில் துரத்திப் பிடித்து அறுத்துச் சமைக்கப்படும் கோழிக்கு ஆங்கிலோ-இந்தியர் இட்ட பெயர் ‘திடீர்ச் சாவு’. 1886இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி அதைத் தனிச்சொல்லாகவே பதிவு செய்துள்ளது. பேரரசின் கால்நடை மருத்துவம் குதிரையையும் மாட்டையும் நோக்கி எழுந்தது. இதே சித்தூர்ப் பகுதியின் புங்கனூர்க் குட்டை மாடு இன்று பெற்றுள்ள புகழில் நூறிலொன்று காளத்திக் கோழிக்குக் கிட்டாமைக்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். மாடு ஆணின் சொத்து. அதற்கு ஆவணம் உண்டு.

கிராமத்துக் கோழியை முதலில் ஒரு பிரச்சினையாகவும் ஒரு வாய்ப்பாகவும் கண்டவர்கள் கிறித்தவ மறைப்பணியாளர்களே. வடக்கே ஐக்கிய மாகாணத்து ஏட்டாவில் பிரெஸ்பிட்டேரியன் மிஷனைச் சேர்ந்த ஆர்தர் ஸ்லேட்டர் சீமைச் சேவல்களை ஏழைக் கிறித்தவக் குடும்பங்களுக்கு வழங்கி நாட்டுக்கோழியைத் தரமுயர்த்த முற்பட்டார். நம் வட்டாரத்தில் 1853இல் ஸ்கடர் சகோதரர் தொடங்கிய ஆர்க்காடு மிஷனின் தொடக்கக்கால நிலையங்களில் சித்தூரும் ஒன்று. அம்மிஷன் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் காட்பாடியில் நடத்திய வேளாண் நிலையத்தில் ஜான் டிவாலாய்ஸ் கோழி மேம்பாட்டைக் கையிலெடுத்தார். சித்தூருக்கும் காட்பாடிக்கும் இடையே ஒருநாள் வண்டிப் பயணம்தான். மிஷனின் நோக்கம் நேர்மையானது: நிலமற்ற குடும்பத்துக்கு, அதிலும் குடும்பத்துப் பெண்ணுக்கு, கையில் காசு. அதற்கு அவர்கள் கண்ட வழி வெள்ளை லெகார்ன். இத்தாலியத் துறைமுகத்தின் பெயரைத் தாங்கி, அமெரிக்காவில் முட்டைக்காகவே வார்க்கப்பட்ட இனம் அது. அடைகாக்கும் இயல்பு அதனிடமிருந்து ஏறத்தாழ முற்றாகக் கழிக்கப்பட்டிருந்தது. தேர்வு முட்டை எண்ணிக்கையை நோக்கி நடந்தால் அடை முதலில் போகும். அமர்ந்திருக்கும் 21 நாளும் குஞ்சோடு திரியும் மாதங்களும் முட்டைக் கணக்கில் வெறும் இழப்பு.

எனினும் மிஷன் காலத்து முறைக்கு ஒரு தற்காப்பு இருந்தது. அவர்கள் பெரும்பாலும் சேவலைக் கொடுத்தார்கள். பெட்டை ஊர்ப்பெட்டையாகவே இருந்தது. கலப்புக் குஞ்சின் தாய் அடைகாக்கத் தெரிந்தவள். இந்த ஏற்பாடு விடுதலைக்குப் பின் மாறியது. ஐம்பதுகளில் பெங்களூர், பம்பாய், டெல்லி, புவனேஸ்வரம், சிம்லா ஆகிய ஐந்து இடங்களில் மண்டலக் கோழிப்பண்ணைகள் எழுந்தன. சேவலுக்குப் பதில் குஞ்சு வழங்கப்பட்டது, பொரித்தது இயந்திரம். திருப்பதிக் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கிய 1955ஆம் ஆண்டும் இக்காலத்தையே சேர்ந்தது.

இதற்கு இணையாக மற்றொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. அதன் தொடக்கமும் இந்திய மண்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்தின் கார்ன்வாலுக்குச் சென்ற அசீல் சேவல்கள் அங்குள்ள சண்டைக்கோழிகளோடு கலந்தன. பிறந்த இனம் போர்க்களத்தில் சோபிக்கவில்லை. ஆனால் அதன் மார்புத் தசை அகன்றிருந்தது. கார்னிஷ் என்றும், முன்பு இந்தியன் கேம் என்றும் பெயர். அமெரிக்காவில் ‘நாளைய கோழி’ என்ற பெயரில் நடந்த தேசியப் போட்டியில் 1948இல் வென்ற கலிபோர்னியாவின் சார்லஸ் வான்ட்ரெஸ், கார்னிஷையும் நியூ ஹாம்ப்ஷயரையும் கலந்திருந்தார். இன்றைய பிராய்லரின் அடித்தளம் அது. பி.வி. ராவ் 1971இல் தொடங்கிய வெங்கடேஸ்வரா ஹேச்சரிஸ் காப் நிறுவனத்தோடு சேர்ந்து வென்காப் என்ற பெயரில் அந்தக் கோழியை இந்தியாவுக்கு மீளக் கொண்டுவந்தது. திருமலைத் தெய்வத்தின் பெயரைத் தாங்கிய நிறுவனம்; இந்தியச் சண்டைச்சேவலின் கொள்ளுப்பேரன் சரக்கு. 1982இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அமைந்தது. நாடோறும் அது அறிவிக்கும் முட்டை விலைப்பட்டியலில் நாமக்கல், ஹோஸ்பேட், விஜயவாடா ஆகியவற்றோடு சித்தூரும் ஒரு விலை மையம். இப்படிச் சித்தூர் வட்டாரம் கோழி உலகில் இருவகையில் பெயர் பெற்றுவிட்டது: நாள்தோறும் மாறும் விலையாக ஒன்று, யாரும் கேட்காத இனமாக மற்றொன்று.

பண்ணைக்கோழி நகரத்தை எடுத்துக்கொண்டபின் கிராமத்துப் புறக்கடைக்கென்று தனிக் கோழிகளை உருவாக்கும் முயற்சி எழுந்தது. 1988இல் ஐதராபாத்தில் அமைந்த கோழியினத் திட்ட இயக்ககம் (இன்று கோழியின ஆராய்ச்சி இயக்ககம்) வனராஜாவையும் கிராமப்பிரியாவையும் தந்தது. பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் கிரிராஜாவைத் தந்தது. தமிழ்நாட்டில் நந்தனம் கோழிகள். இவற்றை எளிதாகப் பழித்துவிடுதல் நேர்மையாகாது. புறக்கடையில் வனராஜா ஆண்டுக்கு நூறு முட்டைக்கு மேலும், கிராமப்பிரியா அதனினும் மிகுதியாகவும் இடுகின்றன. வனராஜாச் சேவல் விரைவில் எடை கூடுகிறது. முட்டையே காணாத பிள்ளைகளின் தட்டில் முட்டை வைத்த கோழி என்ற பெருமை அவற்றுக்கு உண்டு.

அவற்றை வடிவமைத்தவர்கள் கிராமத்தைக் கவனிக்காதவர்களும் அல்லர். வெள்ளை இறகை வேண்டுமென்றே தவிர்த்தார்கள். வண்ண இறகு கொடுத்தார்கள். வெள்ளைக் கோழி பருந்தின் கண்ணில் எளிதில் படும் என்பது ஒரு காரணம். ஊரார் வெள்ளையை நாட்டுக்கோழியாக ஏற்கமாட்டார்கள் என்பது மற்றொன்று. திருப்பதியில் வைகாசி வாக்கில் நடக்கும் கங்கம்மா ஜாத்திரைக்கும் சுற்றியுள்ள ஊர்த்தேவதைகளுக்கும் நேர்ந்துவிடுகிற கோழியின் நிறம் பார்க்கப்படும் என்பதை அறிந்தவர்களுக்கு இது சிறிய செய்தியன்று. கிராமத்துத் தட்டுக்கேற்பப் பழுப்பு முட்டையும் கொடுத்தார்கள். நீண்ட காலும், மேய்ந்து உண்ணும் திறனும் கொடுத்தார்கள். ஆணின் கண்ணுக்கும் சந்தையின் கண்ணுக்கும் தெரிந்த பண்பெல்லாம் வந்து சேர்ந்தன. அடை மட்டும் வரவில்லை. வனராஜாவின் ஆண்வழி செங்கார்னிஷிலிருந்து வார்க்கப்பட்டது. முட்டையைக் கூட்டும் நோக்கம் பெண்வழியை ஆண்டது. அப்பறவை அமர்வது அரிது.

விளைவு ஒரு கணக்கு மாற்றம். நாட்டுப்பெட்டை வைத்திருந்த பெண் ஒருமுறை கோழி வாங்கினால், அல்லது வாரத்துக்கு ஒரு பெட்டையை வாங்கி வளர்த்துக் குஞ்சில் பாதியைத் திருப்பித் தந்தால், அதன்பின் அவருடைய மந்தை தானே தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. மேம்பட்ட கோழி வைத்திருப்பவர் இரண்டாண்டுக்கு ஒருமுறை குஞ்சுக்காக ஓர் அலுவலகத்தையோ ஒரு பொரிப்பகத்தையோ நோக்கி நிற்கவேண்டும். சிறுகுஞ்சை ஆறு வாரம் விளக்கு வைத்துக் காக்கவேண்டும். அதற்கு மின்சாரமும் வாங்கிய தீவனமும் வேண்டும். புறக்கடை புறக்கடையாகத் தோன்றினாலும் உள்ளே ஒரு சிறு பண்ணையாகிவிடுகிறது. தேர்வு செய்யும் உரிமை பெண்ணின் கையிலிருந்து திட்ட அறிக்கையின் கைக்குப் போனது இந்த ஆறு வாரத்தில்தான்.

நாட்டுக்கோழியின் உண்மையான குறை முட்டைக் குறைவா, சாவு மிகுதியா? நான் சாவு என்றே கருதுகிறேன். ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்று அழைக்கப்படும் நோய் இந்தியாவில் 1927இல் குமாவோன் மலையின் ராணிக்கேத்தில் அறிவியலாளரால் அடையாளம் காணப்பட்டது. அதனால் ராணிக்கெட் நோய் எனப் பெயர் பெற்றது. அது வந்தால் ஒரு தெருவின் கோழி முழுதும் ஒரு வாரத்தில் முடியும். முக்தேஸ்வர் ஆய்வகத்தின் தடுப்பூசி 1940களிலேயே உருவாகிவிட்டது. ஆயினும் நூறு டோஸ் அடங்கிய குப்பியைக் குளிர் குலையாமல் கொண்டுபோய், ஆளுக்கு ஐந்து கோழி வைத்திருக்கும் இருபது வீடுகளை ஒரே காலையில் திரட்டுவது, புதிய இனக்குஞ்சுகளை வண்டியில் ஏற்றிச்சென்று கணக்குக் காட்டுவதைவிடக் கடினமான வேலை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீவனத்தோடு கொடுக்கும் குருணைத் தடுப்பு மருந்தை உருவாக்கியது இந்தச் சிக்கலை அறிந்தே.

இனத்தை மாற்றாமல் சாவை மாற்றிய ஒரு முன்மாதிரி ஆந்திரத்திலேயே உண்டு. கிழக்குக் கோதாவரியின் மலைப்பகுதிப் பழங்குடிப் பெண்களோடு ஆந்த்ரா என்னும் அமைப்பு தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பணியாற்றியபோது, குறைந்துவரும் அசீலைப் பெருக்க வெளியிலிருந்து வேறு கோழியைக் கொண்டுவரவில்லை. நேரத்தில் தடுப்பூசியும் குடற்புழு நீக்கமும் செய்து, வாட்டா எனப்படும் அவர்களுடைய பங்கு முறையின் வழியே பெட்டைகளை வீடு வீடாகச் சுழலவிட்டது. ஒரு வீட்டுப் பெட்டை அடுத்த வீட்டில் அமர்ந்து பொரிக்க, குஞ்சு இரு வீட்டுக்கும் பிரியும். அங்கு அடையே திட்டத்தின் முதலீடு. சித்தூர், திருப்பதிப் பகுதியின் காளஸ்திக்கும் காகஸுக்கும் இத்தகைய ஒன்று ஊரளவில் ஏன் நடக்கக்கூடாது என்பது கேட்கத்தக்க கேள்வி. ஐதராபாத் இயக்ககம் காகஸை ஆய்வுக் கூட்டமாக வைத்துப் பேணுகிறது; நல்லதே. ஆனால் ஆய்வகத்துக் கூண்டில் முட்டையை உடனே எடுத்து இயந்திரத்தில் வைப்பார்கள். பல தலைமுறைக்குப் பின் அங்கு நிலைத்திருப்பது காகஸின் இறகாக இருக்கும். அதன் அமர்வாக இருக்குமா என்பதில் எனக்கு ஐயமுண்டு.

இனத்தை இரத்தத்தால் அன்றி வளர்ப்பவரின் கையால் வரையறுத்தால், காளத்திக் கோழியின் தரநூல் இப்படித் தொடங்கியிருக்கும்: நன்றாக அமரும், குஞ்சை விடாது, குப்பையில் தானே உண்ணும். இறகு நிறம் பிறகு வரும். பதிவேட்டுப் படிவத்தில் கொண்டை வடிவத்துக்கும் தாடை நிறத்துக்கும் கட்டம் உண்டு. எத்தனை பெட்டை எத்தனை குஞ்சை இரண்டு மாதம் வரை காப்பாற்றியது என்ற பண்புக்கு உரிய முதன்மை இல்லை. 2019ஆம் ஆண்டின் இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 85.18 கோடிக் கோழியினங்கள். அவற்றுள் புறக்கடைப் பறவைகள் 31.7 கோடி. முந்தைய கணக்கெடுப்பைவிடப் புறக்கடையில் மட்டும் ஏறத்தாழ 46 விழுக்காடு உயர்வு. இந்த உயர்வைக் கண்டு நாட்டுக்கோழி மீண்டுவிட்டது என்று எழுதுவோர் உளர். புறக்கடையில் நிற்பதெல்லாம் ஒரே தலைப்பில் எண்ணப்பட்டன என்பதை அவர்கள் பார்ப்பதில்லை.

ஆய்வு மாணவர் சிலர் எந்தக் கோழி வாங்குவது என்று என்னையும் கேட்டதுண்டு. வரலாறு படிப்பவனிடம் கேட்கும் கேள்வியன்று. எனினும் ஒரு விடை சொல்வேன். வீட்டுக்கு முட்டை மட்டும் வேண்டுமாயின், அருகில் குஞ்சு தரும் இடமும் கையில் தீவனக்காசும் இருக்குமாயின், கிராமப்பிரியா போதும். மந்தை நிலைக்கவேண்டுமாயின், பெயர் கேட்காமல் ஊரில் இரண்டு மூன்று முறை பொரித்த பெட்டையைக் கேட்டு வாங்குங்கள். விற்பவரிடம் அது எத்தனை குஞ்சைக் கரைசேர்த்தது என்று கேளுங்கள். பெயர்ப்பலகை இப்போது நம்பத்தக்கதன்று. பண்ணைக் கலப்புக் கோழி நாட்டுக்கோழி என்று விற்கிறது; வெள்ளை முட்டைக்குத் தேயிலைச் சாயம் ஏற்றி நாட்டுமுட்டை என்று விற்ற செய்திகளையும் படித்திருக்கிறோம்.

திட்டத்தில் வனராஜா வாங்கிய பெண்களும் இதற்குத் தம் வழியில் ஒரு விடை கண்டுகொண்டுள்ளனர். பல ஊர்களில் காணக்கூடியது: வனராஜா முட்டைகளைப் பொறுக்கி, வீட்டில் மீந்திருக்கும் ஒரே ஒரு நாட்டுப்பெட்டையின் அடியில் வைக்கிறார்கள். தன்னைவிடப் பெரிதாக வளரப்போகும் குஞ்சுகளை அது 21 நாள் அமர்ந்து பொரிக்கிறது. பருந்து வட்டமிட்டால் இறகை விரித்து அவற்றை அடியில் திரட்டிக்கொள்கிறது.